மாத்திரை மாறியபோது

இந்தப் பாடத்தில் ஒரு கதை வருகிறது. கதை கற்பனை. அதில் வரும் மருந்துச் செய்திகள் உண்மை. கதையில் வரும் அம்மாவுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. உங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துப் படியுங்கள்.

1. துறுதுறு பையன்

பெங்களூரில் ஈஜிபுரா என்று ஒரு பகுதி இருக்கிறது. அது கோரமங்கலாவை ஒட்டிய இடம். தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

அங்கே ஒரு சின்ன வீடு. அம்மா கோரமங்கலாவில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். அப்பா பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். வீட்டில் ஆயாவும் இருக்கிறார். அவர் அப்பாவைப் பெற்றவர்.

அவர்களுக்கு ஒரே பையன். வயது 9. நான்காம் வகுப்பு படிக்கிறான்.

பையன் நல்லவன். ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்னே பதில் சொல்வான். வாரம் நான்கு பென்சில் தொலைப்பான். ஒரு நாள் பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டில் ஓடினான். ஆட்டோ இடிக்கப் பார்த்தது.

பள்ளியில் திட்டு. வீட்டில் அடி. அடித்துவிட்டு அம்மா தனியாக அழுவாள்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் பையனோடு பேசினார். பள்ளியில் எப்படி, வீட்டில் எப்படி என்று கேட்டார். பிறகு சொன்னார்.

"இதுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்த முடியாது. உடம்பு சும்மா இருக்காது. பையன் வேணும்னு செய்யலை. உங்க வளர்ப்பும் தப்பு இல்லை."

அன்று அம்மாவுக்கு மனச்சுமை பாதி குறைந்தது.

2. முதல் மாத்திரை

டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை கொடுத்தார். இது புதிய மருந்து இல்லை. 1944ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் முதலில் செய்தார்கள். இன்று பல நாடுகளில் கொடுக்கிறார்கள்.

மாத்திரை வேலை செய்தது. பையன் ஒரு பக்கம் முழுவதும் எழுதினான். மிஸ் அவன் நோட்டில் 'நன்று' என்று போட்டார். அம்மா அந்தப் பக்கத்தை ஆயாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மாவே மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றவள்தான்.

ஆனால் ஒரு தொல்லை. பையனுக்குப் பசி போய்விட்டது. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. இரவு தூக்கம் வரவில்லை. சில மாதத்தில் எடை 24 கிலோவிலிருந்து 22 கிலோவாக இறங்கியது.

டாக்டர் எடையைப் பார்த்தார். மருந்தை மாற்றினார். இந்த முறை அடமாக்செடின் என்ற கேப்சூல்.

"இது மெதுவாத்தான் வேலை செய்யும். முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்றார்.

கூட்டம் அதிகம். அம்மாவுக்கு வேலைக்குப் போகும் அவசரம். சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

3. ஐந்தாம் நாள்

திங்கட்கிழமை புது கேப்சூல் தொடங்கியது.

வியாழக்கிழமை மழை. மாலையில் பையனுக்கு வீசிங் வந்தது. மூச்சு 'கீச் கீச்' என்றது. மழைக் காலத்தில் அவனுக்கு அடிக்கடி இப்படி வரும். அம்மா தெருமுனை கிளினிக்குக்கு ஓடினாள்.

அங்கே டாக்டர் கேட்டார். "பையன் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறானா?"

அம்மா ஒரு நொடி தயங்கினாள். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தாள். மனநல டாக்டர் மருந்து என்று சொன்னால் தெரு முழுவதும் தெரிந்துவிடும். 'பையனுக்குப் பைத்தியமா?' என்று கேட்பார்கள்.

"இல்லை சார்" என்றாள்.

டாக்டர் வீசிங் சிரப் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

வெள்ளிக்கிழமை காலை. பையன் டீ மட்டும் குடித்தான். கேப்சூல் சாப்பிட்டான். பிறகு சிரப் குடித்தான். சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தான். கை நடுங்கியது. முகம் வெளுத்தது.

"அம்மா, நெஞ்சுக்குள்ள தட் தட்டுன்னு அடிக்குதும்மா" என்றான்.

அம்மா அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கால் தளர்ந்துவிட்டது.

4. ஆளுக்கு ஒரு யோசனை

ஆயா சொன்னார்: "கண்ணுபட்டுப் போச்சு. சுத்திப் போடு."

அப்பா சொன்னார்: "பழைய மாத்திரை பத்து மிச்சம் இருக்கு. அதையே குடுத்துடு."

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "இங்கிலீஷ் மருந்தே வேணாம். எல்லாத்தையும் தூக்கிப் போடு."

எல்லாருக்கும் பையன் மேல் பாசம்தான். ஆனால் எதைச் செய்வது?

அந்த நேரத்தில் ஆஷா அக்கா வந்தார். ஆஷா என்றால் அரசு சுகாதாரத் திட்டத்தில் வீடு வீடாக வந்து உதவும் பெண் பணியாளர். அம்மா அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"என்னக்கா செய்யறது? மருந்தை நிறுத்திடட்டுமா?"

"நான் டாக்டர் இல்லம்மா. நிறுத்துன்னும் சொல்ல மாட்டேன், குடுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் ஆஷா அக்கா. "முதல்ல பையனைப் பார்ப்போம்."

அவர் பையனை உட்கார வைத்தார். நான்கு கேள்வி கேட்டார்.

"நெஞ்சு வலிக்குதா கண்ணு?"

"இல்லை."

"மயக்கம் வந்துச்சா?"

"இல்லை."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"முகம், உதடு எங்காவது வீங்கின மாதிரி இருக்கா?"

"இல்லை."

"இதுல ஒண்ணு இருந்தாலும் 108க்கு போன் போட்டிருப்பேன்" என்றார் ஆஷா அக்கா. பிறகு பையனின் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணினார். ஒரு நிமிடத்துக்கு 136.

"அதிகமாத்தான் இருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்டரைக் கேக்காம அடுத்த வேளை எதுவும் குடுக்காதே. கிளம்பறதுக்கு முன்னால, எந்த மருந்து எப்போ குடுத்தே, எப்போ என்ன ஆச்சு? இதை எழுது. அஞ்சு நிமிஷம் போதும்."

"நானா எழுதறது?"

"நீதான். கூட இருந்து பார்த்தவ நீதானே?"

5. நோட்டில் எழுதியது

பையனின் பழைய நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அம்மா எழுதினாள். எழுத்து கோணல்தான். ஆனால் படிக்க முடிந்தது.

திங்கள்: காலை 8 மணி. புது கேப்சூல். டீ மட்டும். 9 மணி, குமட்டல்.

செவ்வாய்: காலை 8 மணி. கேப்சூல். டீ மட்டும். வகுப்பில் தூங்கினான்.

புதன்: காலை 8 மணி. கேப்சூல். வயிற்று வலி.

வியாழன்: காலை 8 மணி. கேப்சூல். மாலை வீசிங். இரவு 8 மணி, சிரப். 9 மணி, கை நடுக்கம்.

வெள்ளி: காலை 8 மணி. கேப்சூல். 8.15, சிரப். 9 மணி, வாந்தி, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு.

எழுதி முடித்துவிட்டு அம்மா ஒரு முறை படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள்.

"அக்கா, கை நடுக்கம் திங்கள்கிழமை இல்லை. செவ்வாய், புதனும் இல்லை. சிரப் குடுத்த பிறகுதான் வந்திருக்கு."

"அப்படியா? வீட்டில இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போடு. பழசு, புதுசு, சிரப், எல்லாம். சீட்டையும் எடு. அப்படியே டாக்டர் முன்னால வைக்கணும்."

6. டாக்டர் சொன்னது

அப்பா வேலைக்குப் போகவில்லை. மூவரும் ஆட்டோவில் போனார்கள்.

டாக்டர் பையனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார். இதயத்தில் கோளாறு இல்லை. வேகம் மட்டும் அதிகம்.

பிறகு நோட்டைப் படித்தார். பையிலிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிரப் பாட்டிலில் 'சால்பியூட்டமால்' என்று இருந்தது.

"இந்த சிரப் நல்ல மருந்துதான். மூச்சுக் குழாயைத் திறக்கும். ஆனா இதயத்தையும் கொஞ்சம் வேகமாக்கும். கையும் நடுங்கும். அடமாக்செடினும் இதயத்தை வேகமாக்கும். ஒரு வண்டியை ஒருத்தர் தள்ளினா ஒரு வேகம். ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினா?"

"வேகம் கூடும்" என்றார் அப்பா.

"அதான் நடந்திருக்கு. சிரப் குடுத்த டாக்டர்கிட்ட கேப்சூல் பத்திச் சொன்னீங்களா?"

அம்மா தலையைக் குனிந்தாள். "அவர் கேட்டார் சார். நான்தான் இல்லைன்னு சொல்லிட்டேன். வெட்கமா இருந்துச்சு."

டாக்டர் திட்டவில்லை. "இப்போ சொன்னீங்களே, அது போதும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடறவங்க வெட்கப்படறாங்களா? இதுவும் மருந்துதான். அடுத்த தடவை ஆள் பக்கத்தில இருந்தா, 'தனியாப் பேசணும்'னு டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் சிரப்பை நிறுத்தினார். இழுக்கும் மருந்தை, அதாவது இன்ஹேலரைக் கொடுத்தார். இழுக்கும் மருந்து நேராக மூச்சுக் குழாய்க்குப் போகும். உடம்பின் மற்ற இடங்களுக்குக் குறைவாகவே போகும். எப்போது, எத்தனை முறை இழுப்பது என்று எழுதிக் கொடுத்தார்.

குமட்டலுக்கு வேறு காரணம் இருந்தது. கேப்சூலை வெறும் டீயோடு கொடுத்ததுதான். "இரண்டு இட்லியாவது சாப்பிட்ட பிறகு கொடுங்க" என்றார்.

"பழைய மாத்திரையைக் குடுத்திருந்தா என்ன ஆகும் சார்?" என்று அப்பா கேட்டார்.

"அதுவும் இதயத்தை வேகமாக்கும். ரெண்டு பேர் தள்ளுற வண்டிக்கு மூணாவது ஆள் வந்திருப்பார்."

அப்பா ஒன்றும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனார்கள். நாடி 92. கை நடுக்கம் இல்லை. பையன் தோசை கேட்டு அடம் பிடித்தான்.

நோட்டில் அம்மா அதையும் எழுதினாள்.

தெரிந்துகொள்வோம்

மருந்து கவனத்துக்கு. இதயம் ஏன் படபடக்கிறது?

நம் உடம்பில் நார்அட்ரினலின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. மூளையில் அது கவனத்துக்கு உதவுகிறது. அதே பொருள் இதயத்தையும் விரட்டுகிறது. ஏ.டி.எச்.டி. மருந்துகள் பல இந்தப் பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. அதனால்தான் மூளைக்குச் சாப்பிட்ட மருந்து நெஞ்சிலும் தெரிகிறது.

எந்த மருந்தில் என்ன வரலாம்?

மெத்தில்ஃபெனிடேட்: பசிக் குறைவு, தூக்கமின்மை, தலைவலி, வயிற்று வலி, படபடப்பு. சில மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். சில மாத்திரை நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரையும். மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்கக் கூடாது. மென்று தின்னவும் கூடாது. உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

இந்த மருந்தை விற்க அரசின் கட்டுப்பாடு உண்டு. மருந்துச் சீட்டு இரண்டு படி வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். அதனால் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. தீர்ந்துபோகும் முன்பே வாங்கி வையுங்கள்.

அடமாக்செடின்: குமட்டல், வாந்தி, தூக்கக் கலக்கம், பசிக் குறைவு, படபடப்பு. கேப்சூலைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரியும். முதல் சில வாரங்களில் பழைய துறுதுறுப்பு திரும்பி வரலாம். மருந்து உதவவில்லை என்று அதற்குள் முடிவு செய்யாதீர்கள்.

குளோனிடின்: தூக்கம், தலைசுற்றல், ரத்த அழுத்தம் குறைதல். இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

• நெஞ்சு வலி
• மயங்கி விழுதல்
• மூச்சு விட முடியாமை
• வலிப்பு
• முகம், உதடு, நாக்கு வீங்குதல்
• 'சாக வேண்டும்' என்று பேசுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல்

இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். 108க்கு போன் செய்யுங்கள். 'சாக வேண்டும்' என்று சொல்லும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்துப் போனால், அன்றே டாக்டரைப் பாருங்கள். அடமாக்செடின் அரிதாகக் கல்லீரலைத் தாக்கும்.

நாடி பார்ப்பது எப்படி?

பிள்ளையை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் உங்கள் இரண்டு விரலை வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைக்கு ஓய்வாக இருக்கும்போது சுமார் 70 முதல் 120 வரை இருக்கலாம். ஓடி வந்த உடனே எண்ணினால் கணக்கு தவறும்.

எங்கே கேட்கலாம்?

பெங்களூரில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. இது மத்திய அரசின் ஆஸ்பத்திரி. 1974ஆம் ஆண்டு முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. மன நோய்க்கும் நரம்பு நோய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். இதன் பெயர் டெலி மானஸ். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

மருந்தால் கெடுதல் வந்தால் அரசுக்கும் சொல்லலாம். எண்: 1800-180-3024. இதற்கும் காசு இல்லை. நீங்கள் சொல்வதால் மற்றவர்களுக்கும் அந்த ஆபத்து முன்பே தெரியும்.

மனநல மருத்துவச் சட்டம் 2017இல் வந்தது. நோயாளியின் விவரம் வெளியே தெரியாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆகவே டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நினைவில் வைப்போம்

மருந்து மாறினால் நான்கு வேலை.

1. தேதி, நேரம் போட்டு எழுது.
2. எல்லா மருந்தையும் எல்லா டாக்டரிடமும் காட்டு.
3. நீயாக நிறுத்தாதே. நீயாகச் சேர்க்காதே.
4. ஆபத்து அறிகுறி தெரிந்தால் காத்திருக்காதே.

சொல்லும் பொருளும்

அறிகுறி – நோயைக் காட்டும் அடையாளம்
குமட்டல் – வாந்தி வருவது போன்ற உணர்வு
படபடப்பு – இதயம் வேகமாக அடிப்பது நமக்கே தெரிவது
படி – நகல்

கேள்விகள்

1. முதல் மாத்திரையை டாக்டர் ஏன் மாற்றினார்?
2. கிளினிக்கில் அம்மா ஏன் 'இல்லை' என்று சொன்னாள்?
3. கை நடுக்கம் எதனால் வந்தது? அதை அம்மா எப்படிக் கண்டுபிடித்தாள்?
4. அப்பா சொன்னபடி பழைய மாத்திரையையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பேசுவோம்

மனநல மருந்து சாப்பிடுவதை நம் தெருவில் ஏன் மறைக்கிறோம்? மறைப்பதால் யாருக்கு நஷ்டம்? வகுப்பில் எல்லாரும் பேசுங்கள்.

எழுதிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் யார் எந்த மருந்து சாப்பிடுகிறார்கள்? ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மணிக்கு, யார் கொடுத்த சீட்டு, உடம்பில் என்ன மாற்றம் என்று எழுதுங்கள். மருந்தின் பெயர் தமிழில் இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதுங்கள். அட்டையையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.